குழாயடியில் தொடங்கும் உபத்திரவம்

நான் பிறந்து வளர்ந்தது சாத்தான்குளம் பக்கம். அங்கே ஊர் விழிப்பதே கிறிஸ்தவக் கோவில் மணிக்குத்தான். பண்டிகைக்கு அசனம் வைத்தால் ஊரே பந்தியில் உட்காரும். பஞ்சாயத்துத் தலைவர், பலசரக்குக் கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், டவுன் பஸ் கண்டக்டர் எல்லாரும் ஒரே சபை. அப்படிப்பட்ட ஊர்க்காரிக்கு, விசுவாசத்துக்காக வருகிற உபத்திரவம் என்பது ஓய்வுநாள் பள்ளிப் பாடம், அவ்வளவுதான். தாவீது சுந்தரானந்தத்தின் கதை எங்களுக்கு மனப்பாடம். 1797-ல் அவர் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்தது, அவரைத் தொடர்ந்து வந்த குடும்பங்களை அடித்து விரட்டியது, விரட்டப்பட்டவர்களுக்காக 1799-ல் நிலம் வாங்கி முதலூரை உண்டாக்கியது, கொஞ்ச வருஷத்திலேயே அவர் இறந்துபோனது, விஷம் வைத்திருப்பார்கள் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வது எல்லாம் தெரியும். ஆனால் அவர்கள் பாடுபட்டு வாங்கின நிலத்தில் பிறந்த எங்களுக்கு எதிரி என்று ஒருவரும் மிச்சமில்லை. எங்கள் பக்கம் சண்டை என்றால் அது சபை நிர்வாகத்துக்கான திருமண்டலத் தேர்தல் சண்டைதான்.

கல்யாணமாகி வந்த இடம் வேறு. என் வீட்டுக்காரர் ஊழியர். கொங்குப் பக்கம், திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் பஸ் இருக்கிற ஒரு கிராமம். பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் குடியிருக்கிறோம். சபை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஓட்டு வீடு, திண்ணையைச் சேர்த்து முன்னால் இறக்கிய ஷீட், பாய்கள், ஒரு டோலக். ஊரில் இருந்தவரை ஐயரம்மாவை, அதாவது போதகரின் மனைவியை, பார்த்து எழுந்து நின்ற நான், இங்கே பாஸ்டரம்மா ஆனேன். எழுந்து நிற்கத்தான் யாரும் இல்லை.

வந்தவர்களில் பெரும்பாலோர் காலனிக் குடும்பங்கள். அவர்களில் சிலர் தலைமுறை தலைமுறையாக நோம்பிக்கும் (ஊர்த் திருவிழா) சாவுக்கும் தப்பு மேளம் அடித்தவர்கள். ஞானஸ்நானம் எடுத்த பிறகு, இனி அடிக்க வரமாட்டோம் என்றார்கள். நோம்பி வரியும் தரமாட்டோம் என்றார்கள். பிரச்சினை அங்கேதான் புகைய ஆரம்பித்தது. வெளியிலிருந்து வந்து பார்க்கிறவர்கள் இதை இரண்டு மதங்களுக்கு நடுவிலான சண்டையாகவே எழுதிவிட்டுப் போகிறார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தால் சாமி பாதி, சாதி பாதி. நேற்றுவரை கூப்பிட்ட குரலுக்கு வந்தவன் இன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புத்தகத்தோடு நடக்கிறானே என்கிற எரிச்சலை மனுவில் எழுத முடியாது. அதனால் 'கட்டாய மதமாற்றம்' என்று எழுதினார்கள்.

முதலில் தெரிந்தது குழாயடியில். நான் குடத்தோடு போனதும் பேச்சு நிற்கும். பிறகு என் குடம் வரிசையில் பின்னால் போயிருக்கும். பால் ஊற்றுகிறவர் ஒருநாள், "இனிமே முடியாதுங்க பாஸ்டரம்மா, மாட்டுக்குப் பால் வத்திப்போச்சுங்க" என்றார். அவர் வீட்டில் சொசைட்டிக்குப் பால் போகிற கேன் அப்படியே நிறைந்துதான் போனது. காலனிப் பெண்களுக்குக் களையெடுப்பு, கடலைப் பறிப்பு என்று எந்த வேலைக்கும் கூப்பாடு குறைந்தது. ஒரு கல்லும் விழவில்லை, ஒருவரும் கை ஓங்கவில்லை. காவல் நிலையத்தில் போய் எதைச் சொல்வது? பால் தரவில்லை என்றா?

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. ஆராதனை நடுவில் வெளியூர் இளைஞர்களும் உள்ளூர் ஆட்கள் சிலரும் உள்ளே வந்தார்கள். டோலக்கை மிதித்தார்கள், வேதாகமங்களைக் கிழித்தார்கள், என் வீட்டுக்காரரைக் கன்னத்தில் அறைந்தார்கள். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனோம். போலீஸ் வந்து, அடித்தவர்களை அனுப்பிவிட்டு, அடி வாங்கினவரை விசாரணைக்கு ஏற்றிக்கொண்டு போனது. இதைக் கேட்கிற எல்லாரும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் விவரமாகக் கேட்பார்கள். எனக்கு அதில் சொல்ல அதிகமில்லை. அந்த நாளில் தைரியம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. அக்கம்பக்கத்துச் சபைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள், யாரோ சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்கள், இரவு முழுக்க ஜெபம். அடுத்த வாரம் போன் குறைந்தது, அதற்கடுத்த மாதம் நின்றே போனது. நிலைத்திருப்பது என்கிற வேலை அங்கேதான் ஆரம்பம். நான் எழுத வந்ததும் அந்த மாதங்களைப் பற்றித்தான்.

காவல் நிலையத்தில் நடந்ததை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், பலருக்கு உதவும். "இனிமேல் இந்த ஊரில் ஜெபம் நடத்த மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்றார்கள். எழுதினால் உடனே வீட்டுக்குப் போகலாம். என் வீட்டுக்காரர் பேனாவை வாங்கி, 'சட்டத்துக்கு உட்பட்டு நடந்துகொள்வேன்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது போதவில்லை என்று ராத்திரிவரை உட்கார வைத்தார்கள், ஆனால் வேறு எதுவும் எழுத வைக்க முடியவில்லை. ஒரு தடவை எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தத் தாள்தான் அடுத்த அதிகாரியின் மேசையில் முதல் தாளாக இருக்கும். கலவரமான நேரத்தில் கையெழுத்துக் கேட்டால் நிதானமாகப் படியுங்கள், வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், முடியாததை எழுதாதீர்கள்.

மறுநாள் நாங்கள் புகார் கொடுத்தோம். "கர்த்தர் பார்த்துக்கொள்வார், கேஸ் எதற்கு" என்று சபையிலேயே சிலர் முணுமுணுத்தார்கள். நான் அப்போஸ்தலர் 16-ஐ எடுத்து வாசித்தேன். பிலிப்பியில் பவுலையும் சீலாவையும் விசாரணை இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் ரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, ரோமரான எங்களை எல்லார் முன்னாலும் அடித்துவிட்டு இப்போது கமுக்கமாக அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்றார் பவுல். தன் குடியுரிமையை அவர் வெட்கப்படாமல் எடுத்து நீட்டினார். அவருக்குப் பின் அந்த ஊரில் இருக்கப்போகிற சின்னச் சபைக்கு அது ஒரு பாதுகாப்பு. நமக்கும் அரசியலமைப்பின் 25-வது பிரிவு இருக்கிறது. பொது ஒழுங்குக்கும் சுகாதாரத்துக்கும் ஒழுக்கத்துக்கும் உட்பட்டு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை என்று அது சொல்கிறது. 1977-ல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மாற்றும் உரிமை ஆகாது என்றும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இரண்டையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பாதியை மட்டும் தெரிந்தவர்கள்தான் மேடையில் பேசி நம்மை மாட்டிவிடுகிறார்கள்.

சட்டப்படி நடக்கிற வழிபாட்டுக் கூட்டத்தை வேண்டுமென்றே குலைப்பது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 296-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 300. புகாரை எழுத்தில் கொடுத்து, அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம், அதற்கு மேல் மாஜிஸ்டிரேட் நீதிமன்றம் இருக்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. அதனால்தான் எங்கள் புகாரில் என் பெயரும் இன்னொரு அக்காவின் பெயரும் முன்னால் இருந்தது. அழைக்க 15100 என்ற எண் இருக்கிறது.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. பேதுரு தன் முதல் நிருபத்தின் நாலாம் அதிகாரத்தில், கிறிஸ்தவன் என்பதற்காகப் பாடுபட்டால் வெட்கப்பட வேண்டாம் என்று எழுதுகிறார். அதற்கு முந்தின வசனத்தில் கொலைகாரனாகவோ திருடனாகவோ பிறர் காரியத்தில் மூக்கை நுழைக்கிறவனாகவோ பாடுபடாதிருங்கள் என்றும் எழுதுகிறார். மூக்கை நுழைக்கிறவனைக் கொலைகாரனோடு ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறாரே என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் ஊழியம் செய்தவர்கள் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளைத் தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். நகரத்திலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர் அதில் மாரியம்மனைப் பற்றிப் பேசிய பேச்சு ஊருக்கே கேட்டிருக்கிறது. அதற்கு வருகிற எதிர்ப்புக்கு உபத்திரவம் என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை. பெட்டியை விற்றோம். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-த்திலேயே விதி வந்துவிட்டது. அந்த விதி நோம்பிக்கும் பொருந்தும், முழு இராத்திரி ஜெபத்துக்கும் பொருந்தும். ஷீட் போட்ட இடத்தைக் கோவிலாகக் கட்டுகிற யோசனையையும் தள்ளி வைத்தோம். கிராமத்தில் வழிபாட்டுக் கட்டடம் எழுப்ப கலெக்டரின் முன் அனுமதி வேண்டும். அது இல்லாமல் அஸ்திவாரம் போட்டுவிட்டு, சீல் வைக்கும்போது வேத வசனம் சொல்வதில் அர்த்தமில்லை. வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், பட்டா நகல் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் என் பீரோவில் இருக்கிறது.

நம்மால் வந்தது எது, நம் விசுவாசத்துக்காக வந்தது எது என்று இப்படிப் பிரித்துப் பார்த்ததில் எங்களுக்குள் ஒரு தெளிவு வந்தது. பெட்டி போன பிறகும் பால் வரவில்லை. அப்படியென்றால் மிச்சம் இருப்பது நிஜமான பாடு, அதைச் சுமக்கத்தான் வேண்டும்.

பேதுரு அந்த நிருபத்தை எழுதின பகுதிகளில் பொந்துவும் பித்தினியாவும் உண்டு. பிற்பாடு, சுமார் கி.பி. 112-ல், அதே பகுதிக்கு ரோம ஆளுநராக இருந்தவர் பிளினி. கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டு அவர் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதமும் வந்த பதிலும் இன்றும் இருக்கின்றன. படித்துப் பாருங்கள், நம் தாலுகா ஆபீஸ் கடிதம் மாதிரியே இருக்கும். நிறையப் பெயர்களைப் போட்டு ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கிறது என்கிறார் பிளினி. மொட்டைக் கடுதாசியை எந்த வழக்கிலும் ஏற்கக் கூடாது, அது நம் காலத்துக்கு அழகில்லை என்கிறார் டிராஜன். கிறிஸ்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டாம், ஆனால் பிடிபட்டு மறுதலிக்காவிட்டால் தண்டியுங்கள் என்றும் அதே பதிலில் சொல்கிறார். எனக்கு அந்தக் கடிதத்தில் மறக்க முடியாதது வேறு. உண்மையை வரவழைக்க, சபையில் ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாக பிளினியே எழுதுகிறார். அவர்கள் பெயர் இல்லை. அதற்கு முன்பே, சபையை விட்டு விலகினவர்கள் அவரிடம் சொன்னதெல்லாம், ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுவார்கள், கிறிஸ்துவைப் பாடுவார்கள், திருடமாட்டோம் விபசாரம் செய்யமாட்டோம் வாக்குத் தவறமாட்டோம் என்று உறுதி எடுப்பார்கள், பிறகு சாதாரணச் சாப்பாடு சாப்பிடுவார்கள் என்கிற அளவுதான். அந்தப் பெண்களிடமிருந்து ஒரு மூடநம்பிக்கையைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்கிறார் பிளினி. சித்திரவதை செய்து விசாரித்தாலும் அதற்கு மேல் எதுவும் கிடைக்காத மாதிரி ஒரு சபை நடக்க வேண்டும்.

இதைக் காசு விஷயத்தில் நாங்கள் கறாராகப் பிடித்துக்கொண்டோம். ஊரில் முதல் பேச்சே "காசு குடுத்து மாத்தறாங்க" என்பதுதான். அதனால் காணிக்கைக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி மாதக் கடைசியில் எல்லார் முன்னாலும் வாசிக்கிறோம். ஆராதனை முடிந்து அரிசி, புடவை என்று எதையும் கொடுப்பதில்லை. மழைக்கோ நோய்க்கோ யாராவது உதவி அனுப்பினால், வார்டு மெம்பரைக் கூட வைத்துக்கொண்டு தெருவில் தேவையுள்ள எல்லா வீட்டுக்கும் கொடுப்போம், முடியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவோம். புதிதாக ஒருவர் ஞானஸ்நானம் கேட்டால் முதலில் வீட்டில் சொல்லச் சொல்வோம். கணவனுக்குத் தெரியாமல் மனைவிக்கு, பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைக்கு என்று அவசரப்படுவதில்லை. ஒரு வருஷம் காத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். காத்திருந்தவர்கள்தான் பிறகு அசையாமல் நின்றவர்களும்.

வெளியிலிருந்து வருகிற அனுதாபத்தில் ஒரு ஆபத்து உண்டு. அறை வாங்கின கன்னத்தைப் போட்டோ எடுக்க ஆட்கள் வந்தார்கள். அழுகிற பெண்களின் வீடியோ வேண்டும், இசை சேர்த்துப் போட்டால் உதவி குவியும் என்றார்கள். வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். வழக்குக்குத் தேவையான படங்கள் வக்கீலிடம் இருக்கின்றன. பெண்கள் முகமும் பிள்ளைகள் முகமும் யார் போனுக்கும் போகவில்லை. அந்த வீடியோ வெளியே போயிருந்தால் உதவி வந்திருக்கும், பின்னாலேயே வெளியூர்க்காரர்கள் இரண்டு பக்கமும் வந்து இறங்கியிருப்பார்கள், நாங்கள் அந்தக் குழாயடிக்குத் திரும்பவே முடிந்திருக்காது.

சரி, அந்த மாதங்கள். தேவசகாயம் பிள்ளையின் கதையை எல்லாரும் காற்றாடிமலையில்தான் முடிப்பார்கள். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர், 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1752 ஜனவரி 14-ல் அந்த மலையில் சுட்டுக்கொன்றார்கள், 2022-ல் ரோமில் புனிதர் பட்டம். நடுவில் 1749-ல் கைதானதிலிருந்து மூன்று வருஷம் இருக்கிறது. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனது, அடித்தது, காவலில் கட்டிப்போட்டது என்று அந்த மூன்று வருஷமும் இழுத்தடிப்புத்தான். நாளைக்கு விடுவார்களா, கொல்வார்களா, இப்படியே வைத்திருப்பார்களா என்று தெரியாது. அவர் மனைவி ஞானப்பூ அம்மாளைப் பற்றி நான் அதிகம் நினைத்துக்கொள்வேன். கணவர் போன பிறகு சொந்த ஊரை விட்டு வடக்கன்குளத்தில் வந்து வாழ்ந்து, அங்கேயே அடக்கமானார் அந்த அம்மாள். அவருக்குப் பால் யார் ஊற்றினார்கள், தண்ணீர் எங்கே எடுத்தார் என்று எந்தப் பிரசங்கத்திலும் சொல்வதில்லை.

எங்களுக்கு உதவினது சின்னச் சின்ன ஒழுங்குகள்தான். ஞாயிறு ஆராதனை ஒரு வாரமும் நிற்கக் கூடாது என்று முடிவு செய்தோம். ஷீட்டுக்குக் கீழே முடியாதபோது இரண்டு மூன்று வீடுகளாகப் பிரிந்து, பாட்டைக் குரல் தாழ்த்திப் பாடினோம். போன் வரிசை ஒன்று வைத்தோம். ஒருவருக்குத் தகவல் வந்தால் அவர் அடுத்தவருக்கு மட்டும் சொல்ல வேண்டும், குரூப்பில் போடக் கூடாது. அதிகாரிகளிடம் பேச ஒருவர், ஊர்ப் பெரியவர்களிடம் பேச ஒருவர் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டோம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டபோது இது ரொம்பக் கைகொடுத்தது. எதிர்த்தரப்பில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள், எங்கள் பக்கம் ஒருவர் மட்டும் பேசினார். வேலை போன குடும்பங்களுக்கு சபைக்குள்ளேயே ஒரு சீட்டு மாதிரி போட்டு மளிகை வாங்கிக் கொடுத்தோம். இரண்டு பெண்களுக்குத் தையல் மிஷின் வேலை பிடித்துக் கொடுத்தோம். பசியோடு ஒருவரை நிலைத்திருக்கச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை.

பிள்ளைகளிடம் உண்மையைச் சொன்னோம். பள்ளிக்கூடத்தில் யாராவது கிண்டல் செய்தால் பதில் சொல்ல வேண்டாம், வீட்டில் வந்து சொல்ல வேண்டும். எங்களை அடித்தவர்களின் பிள்ளைகளும் அதே வகுப்பில்தான். அவர்களோடு விளையாடக் கூடாது என்று ஒருநாளும் சொல்லவில்லை. கபடி டீமில் எல்லாரும் சேர்ந்துதான் இருந்தார்கள்.

பின்வாங்கினவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை மறைத்துவிட்டு எழுதப்படும் சாட்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு குடும்பம் நின்றுவிட்டது. மகனுக்குக் காலேஜ் சேர்க்கை. பட்டியல் சாதிகளுக்கான 1950-ஆம் வருஷத்து ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்று தொடங்கி, 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டது. கிறிஸ்தவர் ஆனால் அந்தச் சான்றிதழ் போய்விடும். தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வைப்பார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அதோடு கைவிட்டுப் போகும். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவராக இருப்பவருக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது என்பதை உறுதி செய்தது. காலனி அதே காலனி, டீக்கடையில் பார்க்கிற பார்வையும் அதே பார்வை, சான்றிதழ் மட்டும் மாறிவிடும். அந்த அப்பா ஒருநாள் இருட்டினபின் வந்து, "ஐயா, பையன் படிப்பு முடியட்டும். அதுவரைக்கும் ஆராதனைக்கு வர முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சபையில் சிலர் அவரை யூதாஸ் என்றார்கள்.

இந்தச் சான்றிதழ்ப் பிரச்சினை சபைக்குப் புதிதில்லை. கி.பி. 250-ல் ரோமப் பேரரசர் டேசியஸ், எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்திச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அந்தச் சான்றிதழ்த் தாள்கள் சில எகிப்தில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. நிறையக் கிறிஸ்தவர்கள் பலி செலுத்தினார்கள். இன்னும் பலர் பலி செலுத்தாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். உபத்திரவம் ஓய்ந்ததும் அவர்கள் எல்லாரும் சபை வாசலில் வந்து நின்றார்கள். சேர்க்கவே கூடாது என்று ஒரு கூட்டம் பிரிந்து போனது. கார்த்தேஜின் பேராயர் சிப்ரியான், ஒவ்வொருவர் காரியத்தையும் தனித்தனியாகப் பாருங்கள், மனந்திரும்பிக் காத்திருக்கிறவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற பக்கம் நின்றார். தாள் மட்டும் வாங்கினவரையும் பலி செலுத்தினவரையும் அவர்கள் ஒரே தராசில் நிறுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் செய்ததும் ஏறக்குறைய அதுதான். அந்த வீட்டுக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. ஜெபிக்கப் போகவில்லை, சும்மா போய்ப் பேசிவிட்டு வருவார். பையனுக்குப் பரீட்சை என்றால் கேட்பார். நீங்கள் செய்தது சரி என்று சொல்லவில்லை, தப்பு என்று திட்டவும் இல்லை. சபைக்குள் யாரும் அவரைப் பெயர் சொல்லிப் பிரசங்கிக்கக் கூடாது என்று சொல்லிவைத்தார். அந்த அம்மா இப்போது சில வாரம் வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். நாங்கள் அவரிடம் ஒன்றும் கேட்பதில்லை.

சாவுதான் இருப்பதிலேயே கஷ்டம். சபையின் மூத்த விசுவாசி ஒரு தாத்தா இறந்தபோது, காலனிச் சுடுகாட்டில் சிலுவை போட்டுப் புதைக்கக் கூடாது என்று பிரச்சினை. அவருடைய மூன்று மகன்களில் ஒருவர் மட்டும்தான் சபைக்கு வருகிறவர். மற்ற இருவரும் அப்பாவுக்குத் தங்கள் முறைப்படி செய்ய வேண்டும் என்றார்கள். உடல் வீட்டில் கிடக்கும்போது விசுவாசத்தின் எல்லையை அளந்துகொண்டிருக்க முடியாது. வீட்டில் எங்கள் ஜெபம், வழியில் அவர்கள் சடங்கு, குழிமேட்டில் சிலுவை இல்லை என்று பேசி முடித்தோம். சத்தீஸ்கரில் பஸ்தர் பக்கம் ஒரு போதகரின் உடல் 2025 ஜனவரியில் வாரக்கணக்காகப் பிணவறையில் கிடந்து, எங்கே புதைப்பது என்று உச்ச நீதிமன்றம்வரை போனதைப் படித்தபோது, நாங்கள் அன்றே பேசி முடித்தது எவ்வளவு பெரிய காரியம் என்று தோன்றியது. இப்போது சபையில் வயதானவர்கள் ஒவ்வொருவரிடமும் உயிரோடு இருக்கும்போதே கேட்டு, பிள்ளைகள் முன்னால் பேசி, எழுதி வாங்கி வைக்கிறோம். சங்கடமான பேச்சுத்தான். ஆனால் ஒரு பாட்டி, "எம்பொணத்த வெச்சு யாரும் சண்ட போடாதீங்க கண்ணு, எங்க வெச்சாலும் அவரு எழுப்புவாரு" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார்.

மன்னிப்பைப் பற்றிக் கேட்பார்கள். 1999 ஜனவரியில் ஒடிஷாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனெரி கிரஹாம் ஸ்டெயின்ஸையும் இரண்டு மகன்களையும் ஜீப்பில் வைத்து எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் மன்னித்துவிட்டேன் என்று சொல்லி, தொழுநோயாளிகள் நடுவில் அதே மாநிலத்தின் பாரிபதாவில் 2004 வரை இருந்தார். அதே நேரம் வழக்கும் நடந்தது, தண்டனையும் வந்தது, 2011-ல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. மன்னித்தவர் சாட்சி சொல்லக் கூடாது என்று ஒன்றும் இல்லை. எங்கள் வழக்கும் இன்னும் நடக்கிறது. வாய்தா அன்று எதிர்த்தரப்புக்காரரும் நாங்களும் ஒரே பஸ்ஸில்தான் கோர்ட்டுக்குப் போகிறோம். போன தடவை அவர் மனைவி எனக்கு உட்கார இடம் போட்டு வைத்திருந்தார். சமரசமா என்று கேட்டால் தெரியாது. அந்த அம்மாவுக்கு மூட்டு வலி, அதைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம்.

எல்லாரும் நிலைத்து நின்றே ஆக வேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் இன்னொரு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். டேசியஸ் காலத்தில் ஒளிந்துகொண்டதற்காக சிப்ரியானைக் கோழை என்றார்கள். 258-ல் அடுத்த உபத்திரவத்தில் அவர் தலையைக் கொடுத்தார். எங்கள் சபையிலும் சில குடும்பங்கள் திருப்பூருக்குப் போய்விட்டன. அவர்களை நாங்களே பஸ் ஏற்றிவிட்டு, அங்கே ஒரு சபைக்கு அறிமுகக் கடிதமும் கொடுத்தோம். இப்போது பனியன் கம்பெனியில் வேலை, சிங்கர் மிஷினில் நல்ல பீஸ் ரேட். ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட் இருந்தால் சாயங்கால ஆராதனைக்குப் போகிறார்களாம். அதில் ஒரு தம்பி, இங்கே காலனியில் இருக்கும் அவன் அம்மாவுக்கு மாதம் அனுப்புகிற பணத்தோடு சபைச் சீட்டுக்கும் கொஞ்சம் சேர்த்து அனுப்புகிறான். அந்தப் பணத்தில்தான் இந்த மாதம் மளிகை வாங்கினோம்.